ஃபயர் அலாரம் பேனல்ல மஞ்ச லைட் எரிஞ்சா என்ன செய்யணும்: லாட்ஜ், மண்டபம், கிளினிக் வச்சிருக்கவங்களுக்கு

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில மாமாவோட லாட்ஜ நான் பாத்துக்க ஆரம்பிச்சப்ப ரிசப்ஷன் செவத்துல ஒரு சிவப்புப் பொட்டி தொங்கிட்டு இருந்துச்சு. "அது ஃபயர் அலாரம்டே, அத நீ தொடாத" அப்படின்னாரு மாமா. எனக்குக் கிடைச்ச டிரெய்னிங் மொத்தமே அவ்வளவுதான். 3 மாடி, 32 ரூம், கீழ ஒரு சின்ன ஹால், பின்னால கிச்சன். 2023 டிசம்பர் வெள்ளத்துல தாமிரபரணி தெருவுக்குள்ள வந்தப்ப எங்க மாடிப்படிக்குக் கீழ அலாரம் கம்பிங்க சேருத ஜங்ஷன் பாக்ஸ் முங்கிட்டு, தண்ணி வடிஞ்சதுல இருந்து அந்தச் சிவப்புப் பொட்டியில, அதாவது பேனல்ல, மஞ்ச லைட் எரியும், பீ பீன்னு கத்தும், வாட்ச்மேன் தாத்தா ராத்திரி 2 மணிக்கு போன் போட்டு "தம்பி, சனியன் திரும்பக் கத்துது"ம்பாரு. ஏ.எம்.சி, அதாவது வருஷ பராமரிப்பு கான்ட்ராக்ட் எடுத்திருக்க ஆளக் கூப்பிட்டோம், வந்தான், ஒரு மணி நேரத்துல லைட் அணைஞ்சிட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.

ஏழு மாசம் கழிச்சு ரெண்டாவது மாடியில ஒரு கெஸ்ட் அயர்ன் பாக்ஸ மெத்தையில வச்சிட்டு குளிக்கப் போயிட்டாரு. ரூம் முழுக்கப் புகை, வராண்டா வரைக்கும் வந்துட்டு. அலாரம் அடிக்கல. ரூம் பாய் மோப்பம் பிடிச்சுக் கதவத் தட்டினதால மெத்தையோட போச்சு. அந்த மாடியில, புகையக் கண்டுபிடிச்சு பேனலுக்குச் சொல்லுற டிடெக்டர் ஒம்போது இருக்கு, ஒண்ணுகூட ஏன் அடிக்கலன்னு தேடிப் போனதுல நான் கத்துக்கிட்டதத்தான் இங்கன எழுதுதேன். நான் எலக்ட்ரீஷியன் கிடையாது, உங்கள மாதிரி கட்டடத்தப் பாத்துக்கிடுத ஆளு, அதனால அந்த அளவுலதான் சொல்லுவேன்.

1. எதையும் அமுக்குறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க

சிவப்பு லைட்டுன்னா ஃபயர். மஞ்ச லைட்டுன்னா ஃபால்ட், அதாவது சிஸ்டத்துல ஏதோ கோளாறு, தீ கிடையாது. ரெண்டுக்கும் சத்தமே வேற, ஃபயருக்கு கட்டடம் முழுக்க ஹூட்டர் அலறும், ஃபால்ட்டுக்கு பேனலுக்குள்ள இருக்க சின்ன பஸ்ஸர் மட்டும் விட்டு விட்டுக் கத்தும்.

சிவப்பு எரிஞ்சா முதல்ல எந்த ஜோன்னு, அதாவது கட்டடத்தோட எந்தப் பகுதின்னு, பாத்து ஆள அனுப்புங்க, புகையோ தீயோ இருந்தா 101 இல்லன்னா 112, ஆட்கள வெளிய எடுங்க. எங்க ரிசப்ஷன் பையன் மாதிரி "எப்பவும் சும்மாதான அடிக்கும்"னு சைலன்ஸ அமுக்கிட்டு உக்காந்துறாதீங்க.

மஞ்ச எரிஞ்சா பேனலோட முகப்ப மொபைல்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, எந்தெந்த லைட் எரியுது, டிஸ்ப்ளே இருந்தா என்ன எழுதியிருக்கு, எல்லாம் விழணும். அதுக்கப்புறம் சைலன்ஸ் பட்டன். ரீசெட் வேண்டாம். ரீசெட் அமுக்கினா விட்டு விட்டு வர்ற ஃபால்ட் மறைஞ்சிரும், டெக்னீஷியன் வரும்போது "இப்ப ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி"ன்னு விசிட் சார்ஜ வாங்கிட்டுப் போயிருவான். எனக்கு அப்படி ரெண்டு தடவ 600 ரூவா போயிருக்கு.

பேனல் பக்கத்துல ஒரு ஜோன் சார்ட் ஒட்டியிருக்கணும், ஜோன் 1 தரைத்தளம், ஜோன் 2 முதல் மாடி அப்படின்னு. எங்க பேனல்ல அது மங்கிப் போயி வெத்துத் தாளா இருந்துச்சு. இன்னைக்கே உக்காந்து எழுதிருங்க, தமிழ்ல எழுதுங்க, ராத்திரி டூட்டியில இருக்க ஆளுதான அதப் படிக்கணும்.

2. கரண்ட், பேட்டரி: முக்கால்வாசி ஃபால்ட் இங்கதான்

மெயின்ஸ் ஃபால்ட்னு காட்டினா பேனலுக்கு 230 வோல்ட் வரலன்னு அர்த்தம். ஊருக்கே கரண்ட் இல்லன்னா சரி, ஊர்ல கரண்ட் இருந்தும் காட்டினா எம்.சி.பி-ய, அதாவது டிரிப் ஆகுற சுவிட்ச, பாருங்க. எங்க லாட்ஜ்ல வெளிய இருக்க நேம் போர்டு லைட்டும் ஃபயர் பேனலும் ஒரே எம்.சி.பி, காலையில போர்டு லைட்ட அணைக்கிறோம்னு டெய்லி பேனலையும் சேத்து அணைச்சிருக்காவ. பேனலுக்குத் தனி எம்.சி.பி போட்டு, மேல சிவப்பு டேப்ல "அணைக்கக் கூடாது"ன்னு ஒட்டிருங்க. எலக்ட்ரீஷியனுக்கு அரைநாள் வேலைகூட இல்ல.

பேட்டரி ஃபால்ட் கொஞ்சம் ஆழமானது. சாதாரண பேனலுக்குள்ள 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் சீல்டு பேட்டரி ரெண்டு, சீரிஸ்ல சேத்து 24 வோல்ட்டா இருக்கும். சார்ஜ் ஏறிட்டு இருக்கும்போது ரெண்டையும் சேத்து மல்டிமீட்டர்ல பாத்தா 27 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல காட்டும், அதப் பாத்து "பேட்டரி நல்லாருக்கு"ன்னு சொல்லுற ஆள நம்பாதீங்க, அது சார்ஜரோட வோல்ட்டேஜ், பேட்டரியோடது இல்ல. மெயின்ஸ அணைச்சு அரைமணி நேரம் விட்டு, ஹூட்டர ரெண்டு நிமிஷம் அடிக்க விட்டு, அடிச்சிட்டு இருக்கும்போதே ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியா பாக்கணும். எதாவது ஒண்ணு 12-க்குக் கீழ இறங்கிட்டுன்னா ரெண்டையும் மாத்திருங்க. ஒண்ண மட்டும் மாத்தாதீங்க, பழசு புதுசையும் சேத்துக் கெடுத்துரும்.

இந்த பேட்டரிக்கு 3 வருஷம் 5 வருஷம்னு சொல்லுதது 25 டிகிரி ஏ.சி ரூமுக்கு. அதுக்கு மேல ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுசு ஏறக்குறைய பாதியாக் குறையும்பாங்க. நம்ம ஊரு சித்திரை வெயில்ல, மேக்க பாத்த செவத்துல தொங்குற இரும்புப் பொட்டிக்குள்ள என்ன சூடு இருக்கும்னு யோசிச்சுக்கோங்க. நான் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க மாத்திருதேன். போன தடவ ரெண்டும் சேத்து 2,400 ஆச்சு, மாட்டுற கூலி 300. மாத்தின தேதிய பேட்டரி மேலயே மார்க்கர்ல எழுதுங்க. பழைய யு.பி.எஸ்ல இருந்து கழட்டினத மாட்டிவிடுற ஆளுங்க இருக்காங்க, அதனால புது பேட்டரியோட பில்லையும் கேட்டு வாங்கிக்கோங்க.

ஒரு சின்ன கணக்கு. எங்க பேனலும் டிடெக்டரும் சும்மா இருக்கும்போது எடுக்குற கரண்ட் ஏறக்குறைய 0.2 ஆம்பியர், 7-அ 0.2-ஆல வகுத்தா 35 மணி நேரம். பேட்டரி பாதி செத்திருந்தா அதுவும் பாதி. வெள்ளத்தப்ப எங்களுக்கு எத்தன நாள் கரண்ட் இல்லன்னு நெனச்சுப் பாத்தா இந்தக் கணக்கு ஏன் முக்கியம்னு தெரியும்.

பேனலுக்குள்ள 230 வோல்ட் வருது, பேட்டரியில பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்தா பியூஸோ போர்டோ போயிரும். அளந்து பாக்கத் தெரியலன்னா ஆள வச்சுப் பண்ணுங்க, பக்கத்துல நின்னு பாருங்க.

3. ஜோன் ஃபால்ட்: என்ன ஏமாத்துன இடம்

இத நிதானமா படிங்க. சாதாரண பேனல்ல ஒரு ஜோன்னா ரெண்டு கம்பி, பேனல்ல இருந்து கிளம்பி முதல் டிடெக்டர், ரெண்டாவது, மூணாவதுன்னு வரிசையாப் போயி கடைசி டிடெக்டர்ல முடியும். அந்தக் கடைசி டிடெக்டரோட பேஸ்ல, அதாவது சீலிங்ல திருகியிருக்க அடிப்பாகத்துல, ஒரு சின்ன ரெசிஸ்டர் கட்டியிருப்பாங்க, எண்ட் ஆஃப் லைன்னு சொல்லுவாங்க, டெக்னீஷியன் பேச்சுல ஈ.ஓ.எல். பேனல் எந்நேரமும் அந்தக் கம்பி வழியா கொஞ்சூண்டு கரண்ட அனுப்பி, அது ரெசிஸ்டர் வழியா திரும்பி வருதான்னு பாத்துக்கிட்டே இருக்கும். வந்தா லைன் முழுசா இருக்கு. வரலன்னா நடுவுல எங்கயோ அறுந்துட்டு, மஞ்ச லைட்.

எங்களுக்கு என்ன நடந்துச்சுன்னா, ஜங்ஷன் பாக்ஸ்ல தண்ணி போயி கனெக்டரெல்லாம் பச்சையாப் பூத்துட்டு, அது வழியாத்தான் மேல் மாடி கம்பிங்களும் போவுது. வந்த ஆளு அத எதையும் திறந்துகூடப் பாக்கல. பேனலுக்குள்ள ஜோன் 1, ஜோன் 3 கம்பிய டெர்மினல்ல இருந்து கழட்டி, சுருட்டி இன்சுலேஷன் டேப் ஒட்டி உள்ள சொருகிட்டு, அந்த டெர்மினல்லயே நேரா ஒரு ரெசிஸ்டரப் போட்டுட்டுப் போயிட்டான். பேனலுக்கு ரெசிஸ்டர் தெரியுது, அது பாட்டுக்கு பச்ச லைட்டப் போட்டுக்கிட்டு சந்தோஷமா இருக்கு. மேல ரெண்டாவது மாடியில ஒம்போது டிடெக்டரும் கம்பி இல்லாத பொம்மை.

தீவிபத்துக்கப்புறம் எங்க தெரு எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி ஒருத்தரு வந்து பேனல் கதவத் திறந்து டார்ச் அடிச்சாரு. மஞ்ச, ஊதா, சிவப்புக் கோடு போட்ட ரெசிஸ்டர் ரெண்டு டெர்மினல் ஸ்ட்ரிப்ல நீட்டிக்கிட்டு நிக்கி. மஞ்ச ஊதா சிவப்புன்னா 4.7 கே, அதாவது 4,700 ஓம். "இது மேல மாடியில இருக்க வேண்டிய சாமான்லா, இங்கன என்னத்துக்கு நிக்கி?"ன்னாரு. எனக்குத் தொண்டையில எச்சி எறங்கல.

அதனால உங்க பேனல் கதவ ஒரு தடவ திறக்கச் சொல்லிப் பாருங்க. எந்த ஜோனுக்கு வெளிய வயரிங் இருக்கோ அந்த டெர்மினல்ல கம்பிதான் இருக்கணும், ரெசிஸ்டர் இருக்கக் கூடாது. யூஸ் பண்ணாத ஸ்பேர் ஜோன்ல ரெசிஸ்டர் இருக்கது சரிதான், எங்களது 8 ஜோன் பேனல், 6 தான் யூஸ்ல, மீதி ரெண்டுல இருக்கத்தான் செய்யும்.

கதவத் திறக்காமலே சோதிக்க இன்னொரு வழி இருக்கு. ஒவ்வொரு ஜோன்லயும் கடைசி டிடெக்டரோட ஹெட்ட, அதாவது பேஸ்ல மாட்டியிருக்க பாகத்த, இடப்பக்கமாத் திருப்பினா கழண்டு வந்துரும். கழட்டின கொஞ்ச நேரத்துல பேனல்ல அந்த ஜோனுக்கு மஞ்ச லைட் வரணும். வரலன்னா அந்த ஜோன்ல ஏதோ தில்லுமுல்லு இருக்கு. நடுவுல உள்ள டிடெக்டரையும் ஒண்ணு ரெண்டு கழட்டிப் பாருங்க, ஏன்னா சிலபேரு கம்பி மிச்சம் பண்ணுறதுக்கு நடுவுல இருந்து கிளை எடுத்து ஓட்டியிருப்பாங்க, அந்தக் கிளை அறுந்தா பேனலுக்குத் தெரியவே தெரியாது. ஹெட்ட மறுபடி மாட்டும்போது கடக்குன்னு உக்காரணும், அரைகுறையா மாட்டினதே பாதி ஜோன் ஃபால்ட்டுக்குக் காரணம், குறிப்பா ரூம்ல ஃபேன் மாத்தின மறுநாள், பெயிண்ட் அடிச்ச மறுநாள்.

நிஜமாவே கம்பி அறுந்திருந்தா எங்கன்னு கண்டுபிடிக்க அந்த அண்ணாச்சி செய்தது இது. ஒம்போது டிடெக்டர் இருக்க ஜோன்ல நேரா அஞ்சாவதுக்குப் போயி ஹெட்டக் கழட்டி, கம்பி உள்ள வர்ற டெர்மினல்ல வோல்ட் பாத்தாரு. வோல்ட் இருந்தா அது வரைக்கும் லைன் சரி, கோளாறு அதுக்கு அங்குட்டு. இல்லன்னா இங்குட்டு. மீதியையும் அதே மாதிரி பாதிப் பாதியா பிரிச்சா மூணு நாலு ஏணி ஏத்தத்துல இடம் கிடைச்சிரும், ஒவ்வொண்ணா ஏறி இறங்க வேண்டாம். எங்களுக்கு ஜங்ஷன் பாக்ஸ் போக இன்னொரு இடத்துல ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல எலி கடிச்சு வச்சிருந்துச்சு. ஜங்ஷன் பாக்ஸ தரையில இருந்து ஆறடி உசரத்துக்கு மாத்தினோம், கேபிள், பாக்ஸ், கூலி எல்லாம் சேத்து 11,000-க்குப் பக்கம்.

ரெசிஸ்டர் மதிப்பு பேனலுக்கு பேனல் மாறும், சிலதுல ரெசிஸ்டருக்குப் பதிலா கெப்பாசிட்டர்கூட இருக்கும். மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதையே போடச் சொல்லுங்க, பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடையில கிடைச்சது வேண்டாம்.

4. எர்த் ஃபால்ட்

கம்பி எங்கயோ ஈரத்துலயோ இரும்புலயோ பட்டு பூமிக்குக் கரண்ட் கசியுது. நமக்கு இது ஐப்பசி கார்த்திகை மழையிலதான் வரும், தென்காசி குத்தாலம் பக்கம் லாட்ஜ் வச்சிருக்கவங்களுக்கு ஆனி ஆடி சாரல்லயே வந்துரும். மழைக்கு வந்து வெயிலுக்குத் தானா போயிரும், அதுதான் எரிச்சல். ஜோன் கம்பிங்கள ஒண்ணொண்ணாக் கழட்டிப் பாத்தா எதக் கழட்டும்போது லைட் அணையுதோ அந்த ஜோன்தான். மொட்டை மாடியில, வெளிச் செவத்துல இருக்க ஹூட்டர், பிரேக் கிளாஸ் பொட்டி (கண்ணாடிய உடைச்சு கையால அலாரம் அடிக்கிறது), இதுங்கள முதல்ல சந்தேகப்படுங்க.

5. சரியாகுற வரைக்கும் ஆளப் போடுங்க

ஒரு ஜோன் வேலை செய்யலன்னு தெரிஞ்சா, அது சரியாகுற வரைக்கும் அந்த மாடிய மனுஷன்தான் பாத்துக்கணும். நாங்க வாட்ச்மேனுக்கு ராத்திரி 200 ரூவா கூடக் குடுத்து அரைமணிக்கு ஒரு தடவ மாடி ஏறி வரச் சொன்னோம், வந்த நேரத்த நோட்டுல எழுதி கையெழுத்து. முடிஞ்சா அந்த மாடி ரூம வாடகைக்கு விடாதீங்க. ஐசொலேட் பண்ணி, அதாவது பேனல்ல அந்த ஜோன மட்டும் நிறுத்தி, வச்சிருந்தா "ஜோன் 3 ஐசொலேட்ல இருக்கு, இன்ன தேதி"ன்னு பேனல் மேல ஒரு தாள் ஒட்டுங்க. டெக்னீஷியன் ஐசொலேட் பண்ணிட்டு மறந்துட்டுப் போறது தினமும் நடக்குறது.

6. சும்மா சும்மா அடிச்சா: சென்சார் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கோங்க

ஓட்டு வீட்டுல ஓட்டை வழியா வெயில் கம்பி மாதிரி உள்ள விழும்லா, அதுல தூசி பறக்குறது மினுமினுன்னு தெரியும். ஸ்மோக் டிடெக்டருக்குள்ள அதே சங்கதிதான். கறுப்பு அறைக்குள்ள ஒரு இன்ஃப்ராரெட் எல்.இ.டி, அதுக்கு நேரா இல்லாம சாஞ்ச வாக்குல ஒரு ரிசீவர். சாதாரணமா வெளிச்சம் ரிசீவர்ல படாது. புகை உள்ள வந்தா அதுல பட்டுச் செதறி ரிசீவருக்குப் போகும், உடனே அலாரம். இப்ப புரிஞ்சிருக்கும், தூசியும் அதே வேலையச் செய்யும். அழுக்கான டிடெக்டர் மந்தமாகும்னு நெனப்போம், பெரும்பாலும் நேர்மாறு, தொட்டதுக்கெல்லாம் அலறும்.

எங்க லாட்ஜ்ல வெள்ளிக்கிழம சாயங்காலம் ஆறரைக்கு ரிசப்ஷன் டிடெக்டர் அடிக்கும். ரெண்டு மாசம் கழிச்சுத்தான் உறைச்சுது, மாமா சாம்பிராணி போடுத நேரம் அது. ஹால்ல கணபதி ஹோமம், மாநகராட்சி வண்டி விடுத கொசு மருந்துப் புகை, ரூம்ல கொசுவத்தி, பாத்ரூம் வெந்நி ஆவி, எல்லாமே இதுக்குப் புகைதான். பாத்ரூம் கதவுக்கு நேர் மேல டிடெக்டர் இருந்தா கொஞ்சம் தள்ளி மாத்தச் சொல்லுங்க. கிச்சன்ல ஸ்மோக் டிடெக்டர் வச்சிருந்தா வத்தல் தாளிக்கும்போதெல்லாம் அடிக்கும், அங்க ஹீட் டிடெக்டர்தான், அதுலயும் குறிப்பிட்ட சூட்டுல அடிக்கிற வகை, 57 டிகிரி பக்கம் நிறைய கிடைக்கும். சூடு வேகமா ஏறினா அடிக்கிற இன்னொரு வகை இருக்கு, அத அடுப்புக்குப் பக்கத்துல வச்சா இட்லிக் கொப்பரையத் திறக்கும்போதே அலறிரும்.

அடிக்கடி அடிக்குதுன்னு பாலித்தீன் பை கட்டி வச்சிருக்க இடங்கள நான் கண்ணால பாத்திருக்கேன். பெயிண்ட் அடிக்கும்போது மூடி மாட்டினா எத்தன மூடி மாட்டினோம்னு எண்ணி எழுதி வச்சு, வேலை முடிஞ்சதும் அத்தனையும் திரும்ப வந்துச்சான்னு எண்ணுங்க. பொங்கலுக்கு வெள்ளையடிச்சிட்டு சித்திரை வரைக்கும் மூடியோட கிடந்த மண்டபம் ஒண்ணு எங்க சொந்தக்காரங்களோடதே.

ரொம்பப் பழைய கட்டடமா இருந்தா அயனைசேஷன் வகை டிடெக்டர் இருக்கலாம், அதுக்குள்ள அமெரிசியம் 241னு கதிரியக்கப் பொருள் கொஞ்சம் இருக்கு. ஹெட் பின்னால கதிரியக்கக் குறி போட்டிருக்கும். அதத் திறக்கவும் கூடாது, பழைய இரும்புக் கடையில போடவும் கூடாது, சப்ளை பண்ணின கம்பெனிக்கே திருப்பிக் குடுக்கணும்.

7. கிளீனிங்

வருஷத்துக்கு ரெண்டு தடவ செய்யுதோம். ஒண்ணு ஆவணி கடைசியில, ஏன்னா ஆனி ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்து ரோட்டுப் புழுதி மொத்தத்தையும் ரூமுக்குள்ள கொண்டாந்து கொட்டிரும், காத்து அடங்கினப்புறம் செய்தாத்தான் பிரயோஜனம். இன்னொண்ணு பொங்கல் வெள்ளையடிப்பு முடிஞ்சு. மெயின் ரோட்டப் பாத்த ரூமுக்கும் கிச்சன் வராண்டாவுக்கும் மூணு மாசத்துக்கு ஒருக்க.

முதல்ல ஹூட்டர ஐசொலேட் பண்ணிக்கோங்க, லிஃப்ட், ஏ.சி பேனலோட இணைச்சிருந்தா அதையும். தங்கியிருக்கவங்கட்ட சொல்லிருங்க. வாக்வம் கிளீனர்ல மெத்துன்னு பிரஷ் மாட்டி டிடெக்டர சுத்தி இருக்க கண்ணுத் துளைங்கள்ல இழுங்க, இழுக்கணும், ஊதக் கூடாது, ஊதினா தூசி உள்ள போகும். அதுக்கே பாதி சரியாயிரும். சரியாகலன்னா ஹெட்டக் கழட்டிக் கீழ கொண்டாந்து, மேனுவல் அனுமதிச்சா மட்டும் மேல் மூடியத் திறந்து, உள்ள இருக்க கறுப்பு அறையப் பொடி பிரஷ்ல தட்டுங்க. சின்னச் சிலந்தி, எறும்பு, சில நேரம் குளவி மண்ணு வச்சுக் கட்டின கூடுகூட இருக்கும். 107-ம் நம்பர் ரூம்ல ஒரு டிடெக்டர் ராத்திரி மட்டும் அடிச்சிட்டு இருந்துச்சு, திறந்தா கடுகு அளவு சிலந்தி ஒண்ணு ஜம்முன்னு குடியிருக்கு. தண்ணி, ஸ்பிரிட், ஈரத்துணி எதுவும் வேண்டாம். பூச்சி மருந்த டிடெக்டர் மேல அடிக்கவே அடிக்காதீங்க.

கழட்டின ஹெட்ட அதே பேஸ்லதான் திரும்ப மாட்டணும். அட்ரஸ் உள்ள சிஸ்டம்னா, அதாவது ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி நம்பர் இருக்க வகைன்னா, இது ரொம்ப முக்கியம், சிலதுல அட்ரஸ் ஹெட்லயே இருக்கும், மாத்தி மாட்டினா 201-ல தீப்பிடிச்சா 305னு காட்டும். அந்த வகை பேனல்ல ஒரு நல்லது, டிடெக்டர் அழுக்காகுறதுக்கு ஏத்த மாதிரி அதுவா சரிக்கட்டிக்கிட்டே வரும், இனிமே முடியாதுன்னா இன்ன நம்பர் டிடெக்டர் அழுக்குன்னு டிஸ்ப்ளேயில சொல்லிரும். அதையும் சேத்து சைலன்ஸ் பண்ணிட்டு விட்டுறாதீங்க.

கிளீன் பண்ணியும் ரெண்டு மாசத்துக்குள்ள அதே டிடெக்டர் மூணு தடவ சும்மா அடிச்சா மாத்திருங்க, சாதாரண வகை எனக்கு ஒண்ணு 950-க்குக் கிடைச்சுது. புதுசு அதே பேனலுக்கும் பேஸுக்கும் ஒத்துவருதான்னு கேட்டு வாங்குங்க, பாக்க ஒரே மாதிரிதான் எல்லாம் இருக்கும்.

8. டெஸ்ட் பண்ணுறது

டிடெக்டர் கீழ ஊதுபத்தியக் காட்டி "பாருங்க அடிக்குது"ன்னு டெஸ்ட் பண்ணுவாங்க. அடிக்கும்தான், ஆனா எண்ணெய்ப் பிசுக்கு உள்ள படிஞ்சிரும், அடுத்த மாசம் சும்மா அடிக்க ஆரம்பிக்கும். இதுக்குன்னே டெஸ்ட் ஸ்மோக் ஸ்ப்ரே டப்பா விக்காங்க, நான் மதுரையில இருந்து 1,400-க்கு வரவழைச்சேன், எங்க 50 சொச்சம் டிடெக்டருக்கு ரெண்டு ரவுண்டு வந்துச்சு. டப்பாவுல போட்டிருக்க தூரத்துல இருந்து ஒரு தடவ, கொஞ்சமா. ஹீட் டிடெக்டருக்கு முடி காய வைக்கிற டிரையர் போதும், மெழுகுவத்தியோ லைட்டரோ வேண்டாம். ஒருதடவ மட்டும் அடிக்கிற வகை ஹீட் டிடெக்டரும் உண்டு, டெஸ்ட் பண்ணினா செத்துரும், லேபிளப் பாத்துட்டு செய்யுங்க.

வாரத்துக்கு ஒரு தடவ ஒரு பிரேக் கிளாஸ் பொட்டிய டெஸ்ட் சாவி போட்டு அடிச்சுப் பாக்கோம், வாராவாரம் வேற வேற பொட்டி. நாள் நேரம் மாறாம வச்சுக்கிட்டா ஊழியர்களுக்குப் பழகிரும், எங்களுக்கு புதன்கிழம காலையில 11 மணி, செக் அவுட்டெல்லாம் முடிஞ்ச நேரம்.

9. ஏ.எம்.சி, பேப்பர், காசு

ஏ.எம்.சி ரெண்டு வகை. காம்ப்ரிஹென்சிவ்னா சாமானும் சேத்து, நான் காம்ப்ரிஹென்சிவ்னா கூலி மட்டும். எங்க அளவு கட்டடத்துக்கு எனக்கு வந்த கொட்டேஷன் கூலி மட்டும் 18,000, சாமானோட 31,000, ரெண்டுக்கும் மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சாமானோடன்னு சொன்னாலும் பேட்டரி சேருமான்னு தனியாக் கேளுங்க, சின்ன எழுத்துல "பேட்டரி நீங்கலாக"ன்னு போட்டிருப்பாங்க. வருஷத்துல எத்தன விசிட், கூப்பிட்டா எத்தன மணி நேரத்துல வரணும், எல்லா டிடெக்டரையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது டெஸ்ட் பண்ணணும்னு எழுத்துல வாங்குங்க. வேலைய ஐ.எஸ் 2189 படி செய்யணும்னு ஒரு வரி சேத்துருங்க. இந்த அலாரத்த எப்படி மாட்டணும், எப்படிப் பராமரிக்கணும்னு இந்தியத் தர நிர்ணய அமைவனம் போட்டிருக்க ஸ்டாண்டர்டு அது. அந்த நம்பரச் சொன்னதும் பேசுற ஆளோட தொனியே மாறும், அனுபவத்துல சொல்லுதேன்.

கையெழுத்துதான் உங்க கையில இருக்க ஒரே பிடி. சர்வீஸ் ரிப்போர்ட்ல "ஃபால்ட் சரி செய்யப்பட்டது"ன்னு மட்டும் இருந்தா போடாதீங்க. என்ன கோளாறு, எந்த இடம், என்ன செய்தான், எந்த சாமான் மாத்தினான், மூணு வரியாவது எழுதச் சொல்லுங்க. அப்புறம் அந்த ஜோனோட கடைசி டிடெக்டர் ஹெட்ட உங்க முன்னால கழட்டச் சொல்லி மஞ்ச லைட் வருதான்னு பாருங்க, மாட்டச் சொல்லி ஸ்ப்ரே அடிச்சு சிவப்பு வருதான்னு பாருங்க. மொத்தம் பத்து நிமிஷம். முகத்தச் சுளிப்பான், சுளிக்கட்டும்.

ஒரு ஃபைல்ல இதெல்லாம் இருக்கணும்: தீயணைப்புத் துறை லைசென்ஸ் நகல், கட்டடத்தோட வயரிங் டிராயிங், டிடெக்டர் லிஸ்ட், பேனல் மேனுவல், ஏ.எம்.சி ஒப்பந்தம், சர்வீஸ் ரிப்போர்ட்டுங்க, பேட்டரி பில்லு. அதோட ஒரு நீளமான லாக் நோட்டு, தேதி, நேரம், என்ன லைட், யாரு பாத்தா, என்ன செய்தோம்னு. தீயணைப்பு நிலையத்துல இருந்து ஆய்வுக்கு வந்தப்ப எங்ககிட்ட அதிகாரி முதல்ல கேட்டது அந்த நோட்டத்தான், பேனலப் பாத்தது அதுக்கப்புறம். டிராயிங் காணாமப் போயிருந்தா ஏ.எம்.சி ஆள வச்சு புதுசா போட்டு வாங்குங்க, எங்களுக்கு 3,500 கேட்டான், 2,500-க்குப் பேசி முடிச்சோம்.

ஆளக் கூப்பிடுறதுக்கு வளர்பிறை முகூர்த்தத்தையும் குத்தால சீசன் சனி ஞாயிறையும் விட்டுருங்க, ரூம் எல்லாம் ஃபுல்லா இருக்கும், உள்ள ஏறி டெஸ்ட் பண்ண முடியாம "மத்தது அடுத்த தடவ"ன்னு பாதியில கிளம்பிருவான். நாங்க புரட்டாசி முதல் வாரத்துல வச்சிருக்கோம், கல்யாணக் கூட்டம் இல்ல, பாதி ரூம் காலி, மழைக்கும் இன்னும் ஒரு மாசம் இருக்கும்.